தெருமரத்துக்கு யார் துணை?

சென்னையில் ஒருவர் தம் வாசலுக்கு எதிரே, தெருவோரத்தில், ஒரு புங்கனோ பூவரசோ வளர்க்க ஆசைப்பட்டால் உதவிக்குப் பஞ்சம் இல்லை. வனத்துறை நாற்றங்காலில் கன்று கிடைக்கும். குழி எடுத்து நட்டுத் தரும் அமைப்புகள் இருக்கின்றன. மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் கேட்கலாம். அதே மரம் ஐந்து வயதில் இரண்டாகக் கவைத்து, ஒரு கிளையை மின்கம்பிப் பக்கம் நீட்டும்போது கேட்பதற்கு ஆள் குறைவு. முப்பது வயதில் அடிமரத்தில் பொந்து விழுந்து, இது நிற்குமா விழுமா என்று தெருவே கவலைப்படும்போது பார்த்துச் சொல்ல ஆள் அதைவிடக் குறைவு.

நகர மரங்களுக்காகத் திரளும் பணமும் கைகளும் பெரும்பாலும் நடுகிற நாளைச் சுற்றியே திரள்கின்றன. மரமோ அதற்குப் பிறகு வரும் ஆயிரக்கணக்கான நாட்களில்தான் பிழைக்கிறது அல்லது சாகிறது. ஆகவே ஒரு குடிமகனுக்கு இன்று கிடைக்கும் உதவிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது மரத்தின் எந்த வயதில் பயன்படுகிறது, எந்த வயதில் கைவிடுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சென்னையை முன்வைத்து அந்த எடையைப் போட்டுப் பார்ப்போம்.

எதை வைத்து அளப்பது?

நட்ட கன்றுகளின் எண்ணிக்கை அளவுகோல் ஆகாது. தெருமரங்களின் ஆயுள் பற்றி அதற்குமுன் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் அமெரிக்காவில் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு தெருமரத்தின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 19 முதல் 28 ஆண்டுகள் என்று தெரியவந்தது. காட்டில் நூறு ஆண்டு நிற்கக்கூடிய இனங்களும் தெருவில் அவ்வளவுதான் தாங்குகின்றன. நியூயார்க்கில் சில ஆண்டுகளுக்கு முன் நடப்பட்டிருந்த 13,405 தெருமரங்களை 2006, 2007-இல் போய்ப் பார்த்தபோது 74.3 சதவீதம் மட்டுமே உயிரோடு இருந்தன. ஆண்டு முழுவதும் ஓரளவு மழை பெய்கிற, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குகிற நகரத்திலேயே நாலில் ஒன்று போய்விட்டது. அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: மரத்தடியில் யாரோ அக்கறை எடுத்துக்கொண்டதற்கான அடையாளம் இருந்த மரங்கள் மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பிழைத்திருந்தன.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. தெருமரத்தின் வாழ்வை மூன்று பருவமாகப் பிரிக்கலாம். நட்டதிலிருந்து மூன்று கோடை முடியும்வரை முதல் பருவம். அப்போது வேண்டியது தண்ணீர், காவல். அதன்பின் ஏறத்தாழ பதினைந்து வயதுவரை இரண்டாவது பருவம். அப்போது வேண்டியது கவாத்து, அதாவது வளர்கிற மரத்துக்கு நல்ல உருவம் கொடுக்கும் வெட்டு. அதற்கு மேல் மூன்றாவது பருவம். அப்போது வேண்டியவை வேருக்கு மண், பயிற்சி பெற்ற கண், ஆபத்து வந்தால் பொறுப்பேற்கும் அலுவலகம். ஓர் உதவி நல்லதா இல்லையா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தப் பருவத்துக்கு என்று கேட்டால்தான் விடை வரும்.

நடுவிழாக்கள்

தமிழ்நாட்டில் நடுவதற்கு உற்சாகம் குறைந்ததே இல்லை. 2006 அக்டோபர் 17 அன்று ஈஷாவின் பசுமைக் கரங்கள் திட்டத்தில் 27 மாவட்டங்களில் ஒரே நாளில் 8.52 லட்சம் கன்றுகள் நடப்பட்டது கின்னஸில் இடம்பெற்றது. நடிகர் விவேக், அப்துல் கலாமின் வேண்டுகோளை ஏற்று, ஒரு கோடி மரம் என்ற இலக்கோடு பள்ளி கல்லூரிகளுக்குப் போனார். 2021 ஏப்ரலில் அவர் இறந்தபோது மக்கள் கன்று நட்டே அஞ்சலி செலுத்தினார்கள். 2022-இல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த எண்ணுகிறது. இவற்றின் நன்மையை நான் மதிக்கிறேன். மரம் என்பது பொதுக் காரியம் என்ற எண்ணத்தை ஒரு தலைமுறைக்குள் பதித்தவை இவை. பள்ளிப் பிள்ளை ஒருத்தி தன் கையால் மண்ணைத் தள்ளிக் கன்றை ஊன்றும்போது அவளுக்குள் ஏற்படும் பிடிப்புக்கு ஈடு கிடையாது.

ஆனால் தெருமரத்துக்கான உதவி என்ற தட்டில் வைத்தால் நடுவிழா எடை குறைகிறது. மூன்று காரணம் சொல்லலாம்.

முதலாவது, நாள். பெரும்பாலான விழாக்கள் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளில் நடக்கின்றன. சென்னையில் கத்திரி வெயில் முடிந்தும் அனல் அடங்காத காலம் அது. நகரத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் நட்டால் கன்று வேர்பிடிக்கவும் நேரம் கிடைக்கும், பின்னால் பெருமழையும் கைகொடுக்கும். ஜூன் முதல் வாரத்தில் நட்டால் நட்ட மறுநாளிலிருந்தே குடத்தை எதிர்பார்த்து நிற்கும்.

இரண்டாவது, கன்று. எண்ணிக்கை இலக்காகும்போது மலிவான சிறு கன்றுகள் வருகின்றன. பாலித்தீன் பைக்குள் நாள்பட்டு இருந்த கன்றின் வேர் பைக்குள்ளேயே வட்டமாகச் சுற்றியிருக்கும். அந்தச் சுருளை வெட்டி விடாமல் நட்டால், மரம் பெருத்த பின்னும் வேர் பரவாமல், ஒரு புயலில் அடியோடு சாயும். தெருவுக்குத் தலையளவு உயர்ந்த, நேரான ஒரே தண்டுள்ள கன்று வேண்டும். அது விலை கூடியது. வேகமாக வளர்ந்து சீக்கிரம் படத்துக்குப் பச்சை காட்டும் இனங்களை நோக்கி ஆசை போவதும் இதனால்தான். கோனோகார்பஸ் அப்படித்தான் நம் சாலை நடுத்திட்டுகளில் புகுந்தது. குஜராத் அதை 2023-இல் தடை செய்தது; தமிழ்நாடும் பின்னர் அதே முடிவுக்கு வந்தது.

மூன்றாவது, பொறுப்பு. விழா முடிந்ததும் கன்றுக்குச் சொந்தக்காரர் இல்லை. நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி அந்த நிதியாண்டோடு முடிகிறது; கன்றின் இரண்டாம் கோடை அடுத்த நிதியாண்டில் வருகிறது. நியூயார்க்கில் தெருமரம் நடும் ஒப்பந்தக்காரர் இரண்டு ஆண்டுக்கு உத்தரவாதம் தர வேண்டும். இடையில் செத்தால் மாற்று மரம் அவர் செலவு. நம் விழாக்களில் இந்த ஒரு விதி இருந்தாலே பாதி பிழை திருந்தும். அது இல்லாதவரை, நடுவிழா முதல் பருவத்தின் முதல் நாளுக்கு மட்டும் உதவி என்பதே என் மதிப்பீடு.

குறுங்காடுகள்

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில் அமைக்கும் அடர்காடுகளைச் சென்னை மாநகராட்சி 2020-இல் கோட்டூர்புரத்தில் தொடங்கிப் பல இடங்களில் வளர்த்திருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் மூன்று முதல் ஐந்து கன்று வைத்து, இரண்டு மூன்று ஆண்டு பராமரித்து விட்டுவிடுவது இதன் முறை. இதில் ஒரு நேர்மை உண்டு: பராமரிப்புக் காலம் திட்டத்திற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. குப்பை கொட்டிய நிலம் பச்சையாவது கண்ணுக்குத் தெரியும் நன்மை. ஆனால் வேலிக்குள் இருக்கும் அடர்காடு பஸ் நிறுத்தத்தில் நிற்பவருக்கு நிழல் தராது. தள்ளுவண்டிக்காரருக்கும், வெயிலில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைக்கும் வேண்டியது தெருவோரத்தில் ஒற்றையாக நின்று குடை விரிக்கும் மரம். குறுங்காட்டைத் தெருமரத்துக்கு மாற்றாகக் கணக்குக் காட்டுவது தவறு. தனிக் கணக்கில் அது நல்ல காரியம்.

மாநகராட்சியும் மின்வாரியமும்

தெருவோர மண் மாநகராட்சியின் பொறுப்பில் இருப்பது. அதன் பூங்காத் துறையின் அனுமதியின்றி அங்கே நடுவதும் வெட்டுவதும் முறையில்லை. ஆகவே உதவி தேடுபவர் தட்ட வேண்டிய முதல் கதவு இதுதான். பருவமழைக்கு முன் கிளை கழிப்பது, புயலில் விழுந்ததை அகற்றுவது ஆகியவற்றில் மாநகராட்சியின் உழைப்பு பெரிது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே பகலில் சாய்ந்தன. சாலைகளைத் திறந்துவிடத் துப்புரவுத் தொழிலாளர்களும் தீயணைப்பு வீரர்களும் பட்ட பாட்டை நகரம் மறக்கக் கூடாது.

ஆனால் வர்தா சொன்ன பாடத்தை நாம் முழுவதும் படிக்கவில்லை. அன்று அதிகம் பேசப்பட்டது இனம் பற்றி. தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, குல்மோகர் போன்ற வெளிநாட்டு மரங்கள் விழுந்தன, நாட்டு மரமாக இருந்தால் நின்றிருக்கும் என்றார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் வேம்பும் விழுந்தது, அரசும் விழுந்தது. இனத்தைத் தாண்டிய காரணம் தரைக்கடியில் இருந்தது. மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டும்போது ஒரு பக்க வேர் வெட்டுப்பட்ட மரம், கம்பிக்காக ஒரு பக்கக் கிளை வெட்டுப்பட்ட மரம், கழுத்துவரை பேவர் பிளாக்கும் சிமென்டும் இறுக்கிய மரம், எந்த நாட்டு மரமானாலும் காற்றில் எப்படி நிற்கும்? 2022 ஜூனில் கே.கே. நகரில் ஓடும் காரின்மேல் மரம் விழுந்து ஒரு பெண் உயிரிழந்தார். அருகில் நடந்துகொண்டிருந்த வடிகால் பணிதான் காரணம் என்று குற்றம் சாட்டப்பட்டது. மாநகராட்சி அதை மறுத்தது. அந்த ஒரு நிகழ்வில் யார் பக்கம் நியாயம் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே மாநகராட்சியின் ஒரு துறை தோண்டுகிறது, இன்னொரு துறை மரத்தைப் பார்த்துக்கொள்கிறது. தோண்டுவதற்கு முன் இருவரும் அந்த மரத்தடியில் சேர்ந்து நிற்பதைக் கட்டாயமாக்கும் நடைமுறை வேண்டும் என்பதில் ஐயமே இல்லை.

தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் காங்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் ஆணையிட்டது. சிங்கப்பூரில் சாலையை வரையும்போதே மரத்துக்கான மண்பட்டையை ஒதுக்கி வைக்கிறார்கள். சாலையோர மரங்களை 6 முதல் 24 மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்கிறார்கள். தில்லிக்கு 1994-இலும், கர்நாடகத்துக்கு 1976-இலும், மகாராட்டிர நகரங்களுக்கு 1975-இலும் மரப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. மகாராட்டிரச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மரக் கணக்கெடுப்பையும் கேட்கிறது. தமிழ்நாட்டில் மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லேயே சட்டம் இயற்றினோம். சமவெளி நகரங்களோ அரசாணைகளையும் பசுமைக் குழுக்களையும் நம்பியே இருந்துவந்திருக்கின்றன. குழு பெரும்பாலும் வெட்டலாமா கூடாதா என்று முடிவு செய்யும். ஒரு மரத்தை முப்பது ஆண்டு வளர்க்கும் கடமையைக் குழுவால் சுமக்க முடியாது.

மின்வாரியத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தெருமரத்தின்மேல் அதிகமுறை அரிவாள் வைப்பவர்கள் அவர்கள்தான். லைன்மேனின் கவலை கம்பியும் மனித உயிரும், அது நியாயம். மரத்தை வெட்டும் முறை அவருக்குக் கற்றுத்தரப்படவில்லை என்பதுதான் குறை. கம்பி எட்டும் கிளையை நடுவில் துண்டாக வெட்டிவிட்டால், அந்த வெட்டிலிருந்து கொத்தாகத் துளிர்கள் கிளம்பி, பலவீனமான பிடிப்போடு, முன்பைவிட வேகமாகக் கம்பியை நோக்கியே வளரும். ஆண்டுதோறும் அதே வேலை, அதே ஆபத்து. ஆகவே மாநகராட்சி மூன்றாம் பருவத்தின் தவிர்க்க முடியாத துணை, ஆனால் இன்று விழுந்த பின் ஓடிவரும் துணையாகவே இருக்கிறது. மின்வாரியம் தன்னையறியாமல் மரத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது.

தன்னார்வ அமைப்புகள்

சென்னையில் 2005 முதல் இயங்கும் ‘நிழல்’ அறக்கட்டளை இந்த வகையில் முன்னோடி. மர நடைகள் நடத்தி, ஒரு தெருவில் நிற்கும் மரங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டியது. கோட்டூர்புரத்தில் குப்பை கிடந்த நிலத்தைத் தன்னார்வலர்களைக் கொண்டு மரப் பூங்காவாக வளர்த்தது. மரத்தில் ஆணி அடிப்பதற்கும் வேரைச் சிமென்டால் மூடுவதற்கும் எதிராகப் பேசியது. எந்த இடத்துக்கு எந்த மரம், கம்பிக்குக் கீழே என்ன, அகலமான சாலைக்கு என்ன என்று கேட்டால் இத்தகைய அமைப்பிடம்தான் சரியான பதில் கிடைக்கும். கம்பியின் கீழ் மகிழமோ சரக்கொன்றையோ, இடம் அகன்றால் நாவலோ இலுப்பையோ நீர்மருதோ என்று மரத்தின் முழு உயரத்தை மனதில் வைத்துச் சொல்வார்கள். நடுகிற அன்றே செய்கிற இந்த ஒரு தேர்வு, இருபது ஆண்டுக்குப் பின் வரும் அரிவாளைத் தடுத்துவிடும். அறிவு என்ற வகையில் இவர்களே நகரத்தின் மிகச் சிறந்த துணை.

குறை என்னவென்றால் அளவு. ஞாயிற்றுக்கிழமைக் கைகளைக் கொண்டு ஒரு பூங்காவை வளர்க்கலாம். ஒரு மாநகரத்தின் தெருக்கள் அத்தனையிலும் செவ்வாய்க்கிழமை மதியம் தண்ணீர் ஊற்ற முடியாது. அதை அவர்களிடம் எதிர்பார்ப்பது அநியாயமும்கூட.

தெருவாசிகள்

முதல் பருவத்தில் கன்றைக் காப்பாற்றக்கூடியவர் அதன் எதிரே வசிப்பவர்தான் என்பதற்கு மாற்றுக் கருத்து இருக்க முடியாது. தேவை பெரிதும் இல்லை. மழை இல்லாத காலத்தில் வாரத்துக்கு இரண்டுமுறை, ஒரு தண்ணீர் கேன் அளவு, மெதுவாக, மண் முழுவதும் இறங்கும்படி ஊற்ற வேண்டும். தினமும் ஒரு சொம்பு தெளிப்பதைவிட இது நல்லது. தண்ணீர் ஆழம் போனால் வேரும் ஆழம் போகும். அடியில் காய்ந்த சருகை மூடாக்காகப் போடலாம், தண்டைத் தொடாமல். ஊன்றுகோலில் கட்டிய கயிற்றைத் தளர்வாகக் கட்டி, தண்டு தானே நிற்கத் தொடங்கியதும் அவிழ்த்துவிட வேண்டும். இரும்புக் கூண்டை மரம் பெருக்கும் முன் எடுத்துவிட வேண்டும். கூண்டு தண்டுக்குள் புதைந்து மரத்தை நெரிக்கும் காட்சி நம் நகரத்தில் அபூர்வம் இல்லை. ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பயன்படுத்தலாம். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரில் உப்பு கூடுதல். அதை மட்டுமே ஊற்றி வளர்க்கக் கூடாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. அதைத் தட்டிக்கழித்தால் இந்த எடைபோடல் பொய்யாகிவிடும். தெருவாசியை நம்பும் ஏற்பாடு வசதியான தெருவுக்குச் சாதகமானது. போட் கிளப்பில் காவலாளி குழாயைத் திறந்துவிடுவார். கண்ணகி நகரிலோ வியாசர்பாடியிலோ குடம் வைத்து லாரிக்குக் காத்திருக்கும் பெண்ணிடம், ஒரு கேன் தண்ணீரை மரத்துக்கு ஊற்று என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? 2019 கோடையில் நகரத்துக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது நடுத்தர வர்க்கமே டேங்கர் லாரிக்குத் தவம் கிடந்தது. இந்த ஏற்பாட்டை மட்டும் நம்பினால், ஏற்கெனவே நிழல் உள்ள தெரு இன்னும் குளிரும், வெயில் காயும் தெரு மேலும் காயும். சில தெருவாசிகளே மரத்துக்கு எதிரிகளாகவும் இருக்கிறார்கள்: சருகு விழுகிறது, கார் நிறுத்த இடமில்லை, கடைப் பலகை மறைகிறது.

சான் பிரான்சிஸ்கோ இந்தச் சோதனையை நமக்காகச் செய்து பார்த்துவிட்டது. அங்கே 1981 முதல் நகர்க்காட்டு நண்பர்கள் என்ற தன்னார்வ அமைப்பு அக்கம்பக்கத்தாரைச் சேர்த்து ஆயிரக்கணக்கில் தெருமரம் நட்டுவருகிறது. ஆனால் நகராட்சி பணத் தட்டுப்பாட்டால் 2011 வாக்கில் மரங்களின் பராமரிப்பை வீட்டுக்காரர்கள் தலையில் ஏற்றத் தொடங்கியது. மரமும் நடைபாதையும் செலவுச் சுமையானதும், மரத்தை விரும்பியவர்களே அதைப் பார்த்துப் பயப்படும் நிலை வந்தது. கடைசியில் 2016 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் பெரும்பான்மையோடு முடிவெடுத்து, 2017 ஜூலை முதல் எல்லாத் தெருமரங்களின் பராமரிப்பையும் நகராட்சியே ஏற்றது. அதற்கென ஆண்டுக்கு ஏறத்தாழ 1.9 கோடி டாலர் சட்டப்படி ஒதுக்கப்பட்டது. அண்டைவீட்டாரின் அன்பு மரத்தை நிலைநிறுத்தும். முதிர்ந்த மரத்தின் செலவை அது தாங்காது. இதுதான் அந்த நகரம் கற்ற பாடம்.

எனவே தெருவாசிக்கு மூன்று கோடை என்ற வரம்பு வேண்டும். தண்ணீருக்கே தட்டுப்பாடுள்ள பகுதிகளில் அந்த மூன்று கோடையையும் மாநகராட்சியே ஏற்க வேண்டும். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே வெளிவரும் நீரை லாரியில் ஏற்றி முதலில் வட சென்னையின் கன்றுகளுக்குக் கொண்டுபோவது தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லாத, விருப்பம் மட்டுமே வேண்டிய வேலை.

யாரும் இல்லாத இடைப் பருவம்

இதுவரை பார்த்தவர்களை ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்தால் ஓர் ஓட்டை பளிச்சென்று தெரிகிறது. முதல் பருவத்துக்கு, குறையோடு என்றாலும், ஆள் உண்டு. மூன்றாம் பருவத்துக்கு, தாமதமாக என்றாலும், மாநகராட்சி உண்டு. நாலாம் வயதிலிருந்து பதினைந்து வரை ஒருவரும் இல்லை. கன்று பிழைத்துவிட்டது என்று நட்டவர் நிம்மதியாகிறார்; இன்னும் ஆபத்தாகவில்லை என்று அலுவலகம் பார்க்காமல் இருக்கிறது.

மரத்தின் தலையெழுத்தை நிர்ணயிப்பது இந்த வயதுதான். இரண்டு தலையாகக் கவைக்கும் தண்டில் ஒன்றைக் கைக்கத்தரியால் எடுத்துவிடச் சில நொடி போதும். விட்டுவிட்டால், இருபது ஆண்டுக்குப் பின் அந்தக் கவையில்தான் மரம் பிளந்து வண்டிமேல் விழும். பஸ் உரசப்போகும் தாழ்ந்த கிளையை விரல் தடிமனாக இருக்கும்போது எடுத்தால் காயம் ஓர் ஆண்டில் மூடிவிடும். தொடைத் தடிமனில் எடுத்தால் அங்கே அழுகல் நுழையும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, 1970-களில் இதற்கு விளக்கம் தந்தார். மரத்துக்குப் புண் ஆறுவதில்லை. காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துக்கொள்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றுத் தடித்த வளையம் ஒன்று இருக்கும். அந்தச் சுவர் எழும்பும் இடம் அது. வளையத்தை வழித்து வெட்டினாலும் தவறு, நீளமாகக் கட்டை விட்டு வெட்டினாலும் தவறு. அதற்கு ஒட்டினாற்போல் வெளியே வெட்ட வேண்டும். கனத்த கிளையானால் முதலில் அடிப்பக்கம் பாதி அறுத்து, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்துப் பளுவை இறக்கி, கடைசியாக மிச்சத்தை வளையத்தருகே எடுக்க வேண்டும். அப்போது பட்டை உரியாது. வெட்டிய இடத்தில் பெயின்ட் பூசுவதால் அழுகல் தடைபடாது.

இந்த அறிவு ஒரு வாரப் பயிற்சிக்குள் அடங்கக்கூடியது. நியூயார்க்கில் ஒரு தன்னார்வ அமைப்பு குடிமக்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கிறது. தேறியவர்களுக்குப் பூங்காத் துறை உரிமம் தருகிறது. அவர்கள் தரையில் நின்றபடி கைக்கருவியால் எட்டும் கிளைகளை மட்டும் வெட்டலாம். ஏணியும் கிடையாது, இயந்திர ரம்பமும் கிடையாது. அந்த நகரம் 2015-இல் 2,200-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொண்டு 6,66,134 தெருமரங்களை ஒவ்வொன்றாக எண்ணி, வரைபடத்தில் ஏற்றிப் பொதுவில் வைத்திருக்கிறது. ஆகவே எந்த மரத்தை யார் கவனிக்கிறார்கள் என்பது மறைவாக இல்லை.

நம்மிடம் இதற்கு ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பது என் நம்பிக்கை. அழைத்தால் கயிறும் அரிவாளும் கொண்டு வரும் மரமேறிகள், தென்னை ஏறுபவர்கள், விறகுக்காக வெட்டும் கூலியாட்கள் ஆகியோரின் உடல்திறன் எந்தப் பட்டயத்துக்கும் குறைந்தது இல்லை. இன்று அவர்களுக்குக் கூலி வெட்டிய விறகின் அளவை ஒட்டி அமைகிறது. அதனால் அதிகம் வெட்டுவது லாபமாகிறது. வெட்டும் முறையைக் கற்றுக்கொடுத்து, தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும் கொடுத்து, நாள்கூலியாக மாநகராட்சி வைத்துக்கொண்டால், கிளைக்குக் கிளை நிதானம் தானே வரும். அவர்கள் உயிருக்கும் காப்பு கிடைக்கும்.

தீர்ப்பு

சென்னையில் தெருமரத்துக்குக் கிடைக்கும் உதவி போதாது என்று பொதுவாகச் சொல்வது சரியாகாது. கிடைக்கும் உதவி தவறான வயதில் குவிந்திருக்கிறது என்பதே என் முடிவு. நூறு பேர் வரும் நாளில் இரண்டு பேர் போதும். இரண்டு பேர் வேண்டிய ஆயிரம் நாட்களில் ஒருவரும் வருவதில்லை. புதிதாக ஒரு கோடி கன்று என்று இன்னோர் இலக்கை அறிவிப்பதைவிட, இருக்கும் பணத்தையும் ஆட்களையும் நடுகிற நாளிலிருந்து பிந்தைய ஆண்டுகளுக்கு நகர்த்தி வைப்பதே இப்போதைய தேவை.

தெருவில் ஒரு மரம் வேண்டும் என்பவருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் மர அறிவுள்ள தன்னார்வ அமைப்பிடம் இடத்தைக் காட்டி இனத்தைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து பூங்காத் துறையின் அனுமதியோடு, குழியைச் சுற்றிக் குறைந்தது ஒரு மீட்டர் மண் திறந்திருக்கும்படி கேட்டு வாங்குங்கள். மழைக்கு முன் நடுங்கள். மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற உங்கள் தெருவில் மூன்று வீடு சம்மதிக்காவிட்டால் நடாதீர்கள். ஏற்கெனவே நிற்கும் மரத்தைக் கவனிப்பது அதைவிடப் பயன் தரும். எந்த அமைப்பு நட்டுத்தர வந்தாலும், இரண்டாம் ஆண்டில் யாரை அழைப்பது, செத்தால் மாற்றிவைப்பீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

மாநகராட்சியிடம் கேட்க வேண்டியவை வேறு. ஒவ்வொரு வார்டிலும் தெருமரங்களின் பட்டியல் பொதுவில் இருக்க வேண்டும். நான்கு முதல் பதினைந்து வயது மரங்களுக்கு முறையான கவாத்து அட்டவணை வேண்டும். மின்வாரியத்தின் வெட்டும் ஆட்களும் அதே பயிற்சியில் உட்கார வேண்டும். வடிகால் தோண்டும் ஒப்பந்தத்தில் வேருக்கான பொறுப்பு எழுதப்பட வேண்டும். நடும் ஒப்பந்தம் எதுவும் இரண்டாண்டு உத்தரவாதம் இல்லாமல் கையெழுத்தாகக் கூடாது. தண்ணீர் தட்டுப்பாடுள்ள பகுதிகளுக்குச் சுத்திகரித்த நீர் முதலில் போக வேண்டும். இவற்றுள் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், கவாத்துக் குழுவை நான் தேர்ந்தெடுப்பேன். பிழைத்துவிட்ட மரத்தை இழப்பதுதான் எல்லா இழப்பிலும் பெரிது; அதற்காக ஊற்றிய தண்ணீர், காத்த ஆண்டுகள் அத்தனையும் சேர்ந்து போகின்றன.

நட்டவர்களின் அன்பை நான் ஐயுறவில்லை. அந்த அன்பு மரத்தின் வயதோடு சேர்ந்து நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இனி ஒரு நகராட்சியையோ நிறுவனத்தையோ இயக்கத்தையோ எத்தனை நட்டீர்கள் என்று கேட்காமல், ஐந்து ஆண்டுக்கு முன் நட்டதில் எத்தனை நிற்கின்றன, அவற்றுக்குக் கடைசியாக யார் எப்போது கவாத்து செய்தார்கள் என்று கேட்போம். அந்தக் கேள்விக்குப் பட்டியலோடு பதில் சொல்லக்கூடியவர் யாரோ அவரே தெருமரத்தின் துணை. நம் பணமும் உழைப்பும் அவரிடம்தான் போய்ச்சேர வேண்டும்.